வீட்டு ஒலிப்பதிவில் பின்னால் திருத்த முடியாதவை

பதிவான குரலில் இரண்டு வகைக் குறைகள் இருக்கும். ஒலி அளவு குறைவாக இருப்பது, மூச்சு பெரிதாகக் கேட்பது, ஓரிடத்தில் தாளம் கொஞ்சம் முந்துவது, மின்சார ரீங்காரம் போன்றவற்றை மென்பொருளில் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். அறையின் எதிரொலி குரலோடு கலந்துவிட்டாலோ, உள்ளே வரும்போதே ஒலி உடைந்துவிட்டாலோ, வரிக்கு வரி வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருந்தாலோ, எத்தனை ப்ளக்-இன் (மென்பொருளோடு சேர்க்கும் துணைக்கருவி) வாங்கினாலும் அது முழுமையாகப் போகாது. புதிதாகத் தொடங்குகிறவர்களின் கவலை பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியே இருக்கிறது. இரண்டாம் வகை கவனிக்கப்படாமல் பதிவுக்குள் நுழைந்துவிடுகிறது. பணத்தையும் நேரத்தையும் எங்கே செலவிடுவது என்ற கேள்விக்கு இந்த வேறுபாட்டை வைத்தே விடை தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் 2 உள்ளீடு உள்ள யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன், ஆடாத ஸ்டாண்டு, ஒரு பாப் ஃபில்டர் இருந்தால் போதும். இயங்க மின்சாரம் கேட்கும் கண்டென்ஸர் மைக்குக்கு இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானைப் போட வேண்டும், டைனமிக் மைக்குக்குத் தேவையில்லை. டைனமிக் வாங்குகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷூர் எஸ்எம்7பி போன்ற மைக்குகளின் வெளியீடு மிகக் குறைவு. குறைந்தது 60 டெசிபல் சுத்தமான கெயின், அதாவது ஒலிப் பெருக்கம், கேட்கும். அதைத் தர முடியாத இன்டர்ஃபேஸில் மாட்டினால் குமிழைக் கடைசி வரை திருக வேண்டியிருக்கும், குரலோடு 'உஸ்' என்ற இரைச்சலும் ஏறும். குறை மைக்கில் இருப்பதாகத்தான் முதலில் தோன்றும்.

மென்பொருளில் எது சிறந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பேச்சை மட்டும் பதிவதற்கு ஆடாசிட்டி தாராளம், அது இலவசம். பல ட்ராக்குகள் (தனித்தனி ஒலி வரிசைகள்) வைத்துப் பாட்டு செய்வதென்றால் ரீப்பர், ஆர்டர், கேரேஜ்பேண்ட், க்யூபேஸ், லாஜிக் எதுவானாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். ரீப்பரை 60 நாள் முழு வசதிகளோடு பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம். ஒன்றை எடுத்து அதன் குறுக்குவழி விசைகள் கைக்குப் பழகும்வரை மாற்றாமல் இருப்பது நல்லது.

அறை

குரல் மைக்குக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று வாயிலிருந்து நேராக. மற்றொன்று சுவர், கூரை, தரை, மேசை என்று பட்டுத் திரும்பி, சில மில்லிசெகண்ட் தாமதமாக. நேராக வரும் ஒலி, தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். திரும்பி வரும் ஒலியோ மைக் எங்கே இருந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே 40 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தாலே, அறையோடு ஒப்பிடும்போது குரல் 6 டெசிபல் முன்னுக்கு வந்துவிடும். செலவே இல்லாத திருத்தம் இது.

அதற்காக வாயோடு ஒட்டவும் கூடாது. முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும் கார்டியாய்ட் வகை மைக்குகளில், 10 சென்டிமீட்டருக்குள் போகப்போக அடிக்கனம் வேகமாக ஏறும். தலை சற்று அசைந்தாலும் குரலின் நிறம் மாறும். பாடுவதற்கு 15 முதல் 20 சென்டிமீட்டர், மென்மையாகப் பேசுவதற்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, நிற்கும் இடத்தைத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்துவிடுங்கள். அடுத்த நாள் ஒரு வரியை மட்டும் மறுபடி பதிய நேர்ந்தால் அந்தக் குறி கைகொடுக்கும்.

நடு அறையில் நின்று கை தட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின்னால் 'ஸ்ரிங்' என்று ஒரு நடுக்கம் கேட்டால், எதிரெதிரே உள்ள இரண்டு வெற்றுச் சுவர்களுக்கு இடையில் ஒலி மாறி மாறி மோதுகிறது என்று பொருள். ஏதாவது ஒரு சுவரில் கனமான போர்வையைத் தொங்கவிட்டால் அது நிற்கும். போர்வையைச் சுவரோடு ஒட்டாமல் 10 சென்டிமீட்டராவது தள்ளித் தொங்கவிட்டால் இன்னும் கீழுள்ள அதிர்வெண்களிலும் வேலை செய்யும். முட்டை அட்டைகளால் பயன் இல்லை. 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய நுரைத்தகடுகள் உச்ச ஒலியை மட்டும் உறிஞ்சிக்கொண்டு கீழே உள்ள முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். சுவரெல்லாம் நுரை ஒட்டிய பிறகும் பதிவு பெட்டிக்குள் பேசியதுபோல் மந்தமாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அந்த அளவுள்ள அலையை விரலளவு நுரை தடுக்காது. உறிஞ்சும் பலகை செய்வதென்றால் 10 சென்டிமீட்டர் தடிமனில் ராக்வூல் (பாறையிழைக் கம்பளி) வைத்துத் துணி சுற்றிச் செய்யுங்கள்.

போர்வையை எந்தச் சுவரில் தொங்கவிடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மைக்கின் பின்னால் வளைவாக மாட்டும் நுரைக்கவசம் நிறைய விற்கிறது. கார்டியாய்ட் மைக் தன் முதுகுப் பக்கம் ஏற்கெனவே காது மந்தம். அது கூர்ந்து கேட்பது பாடுகிறவருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பி வருவதை. முதல் போர்வை பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். அடுத்தது இரு பக்கங்கள். கவசம் அதற்குப் பிறகு. அறையின் சரியான நடுவையும் மூலைகளையும் தவிருங்கள்: மூலையில் அடிக்கனம் குவியும், நடுவில் சில சுரங்கள் காணாமல் போகும். அறை நீளத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவில் நிற்பது தொடங்குவதற்குச் சரியான இடம்.

கம்ப்ரஸர் போட்டபின் அறை இன்னும் பெரிதாகக் கேட்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உரத்த பகுதிகளை அடக்கி மொத்தத்தையும் உயர்த்தும்போது, சொற்களுக்கு இடையில் பதுங்கியிருந்த எதிரொலியும் கூடவே உயர்கிறது. பதிந்தவுடன் கேட்கும்போது 'பரவாயில்லை' என்று தோன்றும் அறை, கலவை (மிக்ஸிங்) முடியும் நேரத்தில் குளியலறையாகிவிடும். எதிரொலியைக் குறைக்கும் மென்பொருட்கள் இப்போது உண்டு. அவை எதிரொலியோடு குரலின் சதையிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன.

நுரையும் போர்வையும் வெளிச்சத்தத்தைத் தடுப்பதில்லை. தெருச் சத்தத்தை நிறுத்தக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். வீட்டில் அது நடக்காது என்பதால் அமைதியான நேரத்தைத் தேர்ந்துகொள்வதே வழி. மின்விசிறி, ஏசி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றை நிறுத்துங்கள். மடிக்கணினி விசிறியை மைக்கின் முதுகுப் பக்கமாக வையுங்கள். கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் அதன் சிக்னல் கேபிளில் 'டிட்-டிட்-டிட்' என்று பதிந்துவிடக்கூடும்.

கெயினும் தாமதமும்

புது ப்ராஜெக்டைத் திறந்ததும் 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கும் வேகம்), 24 பிட் (ஒவ்வோர் அளவீட்டின் நுணுக்கம்) என்று வையுங்கள். இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டுப் பலகையிலும் அதே எண் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாமல், 44.1-இல் பதிந்த கோப்பு 48-ஆக ஓடினால், வேகம் சுமார் 9 சதவீதம் கூடும், சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் மேலேறும். 'என் குரல் ஏன் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறது' என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த அமைப்பில் ஒரு மோனோ (ஒற்றை வழி) ட்ராக் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட்தான் எடுக்கும்.

கெயின் வைக்கும்போது பாட்டின் மிக உரத்த இடத்தைப் பாடச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் (மென்பொருளின் அளவுகோலில் 0-தான் உச்ச வரம்பு) தொடும்படி குமிழைத் திருப்புங்கள். உண்மையான டேக்கில் (ஒருமுறை பாடிப் பதிவதில்) எல்லோரும் ஒத்திகையைவிட உரக்கப் பாடுவார்கள், அந்தக் கூடுதலுக்கு இடம் வேண்டும். '0-க்கு நெருக்கமாகப் பதிந்தால்தான் தரம்' என்பது 16 பிட் காலத்து அறிவுரை. 24 பிட்டின் கோட்பாட்டளவு வீச்சு 144 டெசிபல். உங்கள் அறையின் இரைச்சல் அந்தத் தரைக்கு மிக மேலே இருக்கிறது. குறைவாகப் பதிந்ததைப் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம். சிவப்பைத் தொட்டு அலையின் தலை வெட்டுப்பட்டால் அந்தத் தகவல் எங்கும் பதிவாகவே இல்லை. ஓரிரு உச்சிகள் மட்டும் உடைந்திருந்தால் டீ-க்ளிப் கருவி ஊகித்து நிரப்பும், நீண்ட சுரம் முழுவதும் உடைந்திருந்தால் அந்த டேக்கை விட்டுவிட்டுத் திரும்பப் பாடுவதே நேர்மையான வேலை.

சிவப்பு விளக்கு எரிந்ததும் மென்பொருளின் ஃபேடரை (ஒலியளவு நகர்த்தியை) பலர் இறக்குகிறார்கள். ஃபேடர் கேட்கும் அளவைத்தான் மாற்றும், பதியும் அளவை மாற்றாது. உடைவது அதற்கு முன்னால், இன்டர்ஃபேஸில். குமிழைத்தான் குறைக்க வேண்டும். மென்பொருள் உள்ளே 32 பிட் ஃப்ளோட்டில் (0-ஐத் தாண்டினாலும் உடையாத கணக்கு முறையில்) கணக்கிடுகிறது என்பதும் இந்த விஷயத்தில் காப்பாற்றாது.

அடுத்து பஃபர், அதாவது கணினி ஒரு தவணையில் கையாளும் ஒலித்துண்டின் அளவு. அதைச் சாம்பிள் (ஒலியின் ஓர் அளவீடு) கணக்கில் சொல்வார்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.3, 1024 என்றால் 21.3. இது ஒரு வழிக்கணக்கு. உள்ளே போய் வெளியே வருவதும் ட்ரைவர் எடுத்துக்கொள்ளும் நேரமும் சேர்ந்தால் இரண்டு மடங்குக்கு மேல் போகும். பதியும்போது 128, கலக்கும்போது 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள். பதிவில் 'டிக் டிக்' என்று சொடுக்குகள் விழுந்தால் பஃபர் கணினியின் சக்திக்கு மிகச் சிறியது என்று அர்த்தம். ஒரு படி ஏற்றுங்கள். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் சொந்த ஏசியோ ட்ரைவரை (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளை) நிறுவாமல் இந்தச் சிறிய எண்களை எட்டுவது கடினம்.

பாடுகிறவர் தன் குரலையே ஹெட்ஃபோனில் கேட்கும்போது 10 மில்லிசெகண்ட் தாமதம்கூடத் தொந்தரவு. தாடை எலும்பு வழியாக உடனே கேட்கும் குரலும் தாமதமாக வருவதும் கலந்து குழாய்க்குள் பாடுவதுபோல் ஆகும். குரலைக் கணினிக்குள் போய் வராமலே ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இன்டர்ஃபேஸில் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். அப்படிச் செய்யும்போது அந்த ட்ராக்கின் மானிட்டரை மென்பொருளில் அணைக்க மறக்கக் கூடாது. மறந்தால் குரல் இரண்டாகக் கேட்கும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் இதற்கு ஆகவே ஆகாது, தாமதம் பெரும்பாலும் 100 மில்லிசெகண்டைத் தாண்டும்.

பதிந்ததெல்லாம் தாளத்துக்கு ஒரே அளவில் பின்தங்குகிறது என்றால் பாடியவரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இன்டர்ஃபேஸின் வெளியீட்டை ஒரு கேபிளால் அதன் உள்ளீட்டில் கொடுத்து, தாளம் காட்டும் க்ளிக் ட்ராக்கைப் புது ட்ராக்கில் பதியுங்கள். பெரிதாக்கிப் பார்த்து இரண்டு க்ளிக்குக்கும் இடையே எத்தனை சாம்பிள் என்று எண்ணி, அந்த எண்ணை மென்பொருளின் பதிவுத் தாமத ஈடுகட்டலில் போட்டுவிட்டால் அதே பஃபரில் வேலை செய்யும்வரை சிக்கல் இராது.

டேக், வெட்டு, ஒட்டு

ஒவ்வொரு அமர்விலும் முதலில் 10 விநாடி யாரும் அசையாமல் அறையின் அமைதியை மட்டும் பதிந்து வையுங்கள். பின்னால் இடைவெளிகளை நிரப்பவும், இரைச்சல் குறைப்புக்கு மாதிரி கொடுக்கவும் அது வேண்டும். 'ப' வரும் சொற்களில் காற்று மைக்கை அடிக்காமலிருக்க, பாப் ஃபில்டரை மைக்குக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் முன்னால் வைத்து, மைக்கை வாயின் நேர்க்கோட்டிலிருந்து சற்று பக்கவாட்டில் திருப்புங்கள். ஹெட்ஃபோனில் க்ளிக் சத்தம் பலமாக இருந்தால் அது மெல்லிய வரிகளில் மைக்குக்குள் கசிந்துவிடும். ஒரு காதைத் திறந்து பாடும் பழக்கமுள்ளவர்கள் அந்தப் பக்கத்துக் கிண்ணத்தைத் தலையோடு அழுத்தி வைக்க வேண்டும்.

பாட்டை முழுதாக மூன்று நான்கு முறை பதிந்துவிட்டு, பிறகு வரிவரியாகச் சிறந்ததைத் தேர்ந்து கோப்பதே காம்ப்பிங். தேர்வின்போது சுருதித் துல்லியத்தைவிட உணர்வுக்கு முதலிடம் கொடுங்கள். சற்றே தவறிய சுருதியைத் திருத்திவிடலாம், உயிரில்லாத வரியை எந்தக் கருவியும் எழுப்பாது. ஒரே வரியை மட்டும் திரும்பப் பதிவதென்றால் அதற்கு முந்தைய வரியிலிருந்தே பாடச் சொல்லுங்கள். அப்போதுதான் மூச்சும் குரலின் வேகமும் இயல்பாக வந்து சேரும்.

வெட்டிய இடத்தில் 'டக்' என்று கேட்பது, அலை ஒரு மட்டத்திலிருந்து வேறொரு மட்டத்துக்குத் தாவுவதால். எல்லா வெட்டிலும் 5 முதல் 10 மில்லிசெகண்ட் க்ராஸ்ஃபேட் (ஒன்று மங்க மற்றது எழும் இணைப்பு) போட்டால் அது மறையும். மூச்சுக்கு முன்னாலோ வல்லின மெய்யின் தொடக்கத்திலோ வெட்டுவது பாதுகாப்பானது. நீண்ட உயிரொலியின் நடுவே வெட்டியே தீர வேண்டுமென்றால், இரு பக்க அலைகளின் மேடு பள்ளங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை ஒரு துண்டை நகர்த்துங்கள். பொருந்தாவிட்டால் க்ராஸ்ஃபேடின் நடுவில் குரல் ஒரு கணம் குழியில் இறங்கும். ஒத்த அலைகளை இணைக்கும்போது நேர்க்கோட்டு ஃபேடும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஒலிகளை இணைக்கும்போது நடுவில் சற்று உயர்ந்து நிற்கும் சமசக்தி ஃபேடும் சரியாக இருக்கும். மாற்றிப் போட்டால் முதலாவதில் மேடும் இரண்டாவதில் பள்ளமும் வரும்.

மூச்சுகளை அழிக்காதீர்கள். 6 முதல் 10 டெசிபல் குறைத்தால் போதும். அழித்த இடத்தில் முழு மௌனம் விழுந்தால் கேட்பவரின் காது அங்கே தடுக்கும். பேச்சுப் பதிவில் வெட்டிய இடைவெளியை, முன்பே பதிந்த அறை அமைதியால் நிரப்புங்கள். தப்பி வந்த ஒரு 'ப' வெடிப்பைச் சரிசெய்ய, அந்தச் சிறு துண்டை மட்டும் பிரித்து 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரைச்சல் குறைப்பை கம்ப்ரஸருக்கு முன்னால் செய்ய வேண்டும். 6 முதல் 12 டெசிபலுக்குமேல் இழுத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குமிழியிடும். ரீங்காரம் இருந்தால் மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150-இலும் குறுகிய வெட்டு போடுங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 60, 120, 180. அதற்கும் முன்னால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பாதி நேரம் அதோடு நின்றுவிடும்.

சுருதித் திருத்தத்தில் தானியங்கி முறையை முழு ட்ராக்குக்கும் விடுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் குரலை அது படிக்கட்டாக நறுக்கிவிடும். மெலடைன் போன்ற கருவியில் தவறிய சுரத்தை மட்டும் கையால் தொட்டு, அதன் மையத்தை நகர்த்தி, அசைவை அப்படியே விடுவதே குரலுக்குச் செய்யும் மரியாதை.

கலவை

ஈக்யூவில் (அதிர்வெண்வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் கருவியில்) முதல் வேலை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவது. மெல்லிய குரல் என்றால் 100 வரை போகலாம். 250 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியில் அடைப்பு தெரிந்தால் 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். சொல் தெளிவாக வர 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸில் 1 அல்லது 2 டெசிபல் ஏற்றலாம். இந்த எண்களைவிட முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு: எந்த ப்ளக்-இன்னைப் போட்டாலும் போடுவதற்கு முன்னும் பின்னும் ஒலி அளவு ஒன்றாக இருக்கும்படி வைத்து ஒப்பிடுவது. உரத்த ஒலியில் அடிக்கனமும் உச்சமும் நிறைவாகக் கேட்கும் என்று ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933-இலேயே அளந்து வெளியிட்டார்கள். 1 டெசிபல் கூடினாலே 'நன்றாகிவிட்டது' என்று காது ஏமாறும்.

கம்ப்ரஸருக்கு முன்னால், துள்ளும் சொற்களையும் அமுங்கும் சொற்களையும் துண்டு துண்டாகக் கையால் ஏற்றி இறக்கிச் சமப்படுத்துங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் அதைச் செய்தவர்களின் கம்ப்ரஸர் மூச்சு வாங்காது. அதன் பிறகு 3-க்கு 1 விகிதம், அட்டாக் (அடக்கத் தொடங்கும் வேகம்) 10 முதல் 15 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விடும் வேகம்) 100 அளவில், அடக்கும் அளவைக் காட்டும் ஊசி 3 முதல் 6 டெசிபல் அசைந்தால் போதும். அட்டாக்கை 1 மில்லிசெகண்டாக்கினால் மெய்யெழுத்துகளின் கூர் மழுங்கிக் குரல் பின்னுக்குப் போகும். 'ஸ', 'ஷ' குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் டீ-எஸ்ஸர் போடுங்கள். அளவு மீறினால் பாடுகிறவருக்கு நாக்கு தடித்ததுபோல் கேட்கும்.

செயற்கை எதிரொலியான ரிவெர்பைக் குரல் ட்ராக்கிலேயே போடாமல் தனி ட்ராக்கில் வைத்து அனுப்புங்கள். ப்ரீ-டிலே (ரிவெர்ப் தொடங்குமுன் விடும் இடைவெளி) 20 முதல் 40 மில்லிசெகண்ட் இருந்தால் சொல் முன்னால் நின்று அதன் பின்னே இடம் விரியும். ரிவெர்பின் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள். தெளிவாகக் கேட்கும்வரை ஏற்றி, அங்கிருந்து 3 டெசிபல் இறக்கினால் பெரும்பாலும் சரியான இடம்.

கலவையை ஒருமுறை மோனோவில் கேளுங்கள், கைபேசி ஒலிபெருக்கியிலும் கேளுங்கள். ஸ்டீரியோவில் அகலமாக இருந்த ஒன்று மோனோவில் காணாமல் போனால் இடமும் வலமும் ஒன்றையொன்று அழிக்கின்றன. அகலமாக்கும் ப்ளக்-இன்னை எடுத்துவிட்டு, அதே பகுதியை உண்மையாகவே இரண்டு முறை பதிந்து இரு பக்கமும் வையுங்கள்.

இறுதி ஒலியளவில் சண்டை போட்டுப் பயனில்லை. ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு) எல்லாவற்றையும் சமப்படுத்துகிறது. ஆப்பிள் பாட்காஸ்டுக்கு மைனஸ் 16 பரிந்துரை. மைனஸ் 8-க்கு நசுக்கி அனுப்பினால் ஸ்பாட்டிஃபை 6 டெசிபல் இறக்கிவிடும், நசுங்கிய குரல் மட்டும் மிஞ்சும். ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்) மைனஸ் 1-ஐத் தாண்ட வேண்டாம், எம்பி3 ஆக்கும்போது உச்சிகள் சற்றே ஏறும்.

வெளியே எடுக்கும்போது 24 பிட் வேவ் மூலக்கோப்பு ஒன்றை எப்போதும் வைத்துக்கொண்டு, எம்பி3-ஐ அதிலிருந்து கடைசியாக எடுங்கள். எம்பி3-ஐத் திறந்து திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் இழக்கும். டித்தர் (பிட் குறையும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) 16 பிட்டுக்கு இறங்கும்போது மட்டும், அதுவும் ஒரே முறை. பல மென்பொருட்களில் ப்ராஜெக்ட் கோப்பில் ஒலி இருக்காது, ஒலிக்கோப்புகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்ற முகவரி மட்டுமே இருக்கும். வேறு வட்டுக்கு மாற்றும்போது எல்லா ஒலியையும் ப்ராஜெக்டின் ஃபோல்டருக்குள் நகலெடுக்கும் தேர்வைப் போட்டுச் சேமியுங்கள். ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் 0 விநாடியிலிருந்து தனித்தனி வேவாக எடுத்து, வேகத்தையும் சுருதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, இரண்டு வட்டுகளில் வையுங்கள். அந்த மென்பொருள் இல்லாத கணினியிலும் அவற்றை ஒரே கோட்டில் அடுக்கி உடனே வேலையைத் தொடரலாம்.